நிபந்தனை எழுதும் உரிமை யாருக்கு? டாக் சேர்ல்ஸின் வாதமும் வேலூரின் அனுபவமும்

எந்த ஆப்பை இறக்கினாலும் முதலில் வருவது ஒரு கட்டம். பல பக்க நிபந்தனை, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதன் அடியில் ஒரு பொத்தான்: ஒப்புக்கொள்கிறேன். 'மூன்றாவது பத்தியை எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் சரி' என்று சொல்ல அங்கே வழி கிடையாது. அழுத்தினால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. பொத்தானை அழுத்திய பிறகும், நாம் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட மிஞ்சுவதில்லை. எல்லாப் பதிவும் அவர்கள் பக்கம்.

இந்த ஏற்பாடு இயற்கையானது அல்ல, மனிதர்கள் செய்தது, மாற்ற முடியும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிவருபவர் அமெரிக்க எழுத்தாளர் டாக் சேர்ல்ஸ். இணையத்தில் தனிமனிதர் பிறர் தயவில் வாழும் பயனராக இல்லாமல், தன் நிபந்தனையைத் தானே முன்வைக்கும் ஆளாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் வாதம். வேலூர் மாதிரி ஊர்களுக்கு இந்த வாதம் மிகவும் தேவை என்று நான் நினைக்கிறேன். அதோடு, அவர் அதிகம் பேசாத ஒன்றை வேலூரின் வரலாறு அதில் சேர்க்கிறது என்றும் நினைக்கிறேன்.

சேர்ல்ஸ் 1947இல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது தத்துவம். கணினிக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் தொடர்பில்லை. வட கரோலினாவில் வானொலியில் வேலை பார்த்தார். 'டாக்' என்ற பெயரே அங்கே அவர் போட்ட வேடத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான், இயற்பெயர் டேவிட். அப்புறம் இரண்டு பேரோடு சேர்ந்து விளம்பர நிறுவனம் நடத்தினார். 1980களில் அந்தத் தொழிலோடு சிலிக்கன் பள்ளத்தாக்குக்குப் போனார். இந்த விளம்பரக் காலத்தை வைத்துத்தான் அவருடைய பிற்கால எழுத்தைப் புரிந்துகொள்ள முடியும். வாடிக்கையாளர் என்ற மனிதரை அந்தத் தொழில் 'இலக்கு' என்றும் 'கண்கள்' என்றும் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர் அவர். வெளியே வந்ததும் அந்தக் கணக்கையே எதிர்த்து எழுத ஆரம்பித்தார்.

1990களின் கடைசியில், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மென்பொருளைப் பற்றிய 'லினக்ஸ் ஜர்னல்' இதழின் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 2019இல் அந்த இதழ் நின்றபோது அதன் தலைமை ஆசிரியர் அவர்தான். லினக்ஸ் உலகத்தில் அவர் கண்டது, யாரிடமும் அனுமதி கேட்காமல் தனியாட்கள் தங்களுக்கு வேண்டிய கருவியைத் தாங்களே செய்துகொள்வதை. வாடிக்கையாளருக்கும் அப்படிக் கருவிகள் ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி அங்கிருந்து வந்தது.

1999இல் ரிக் லெவின், கிறிஸ்டோபர் லாக், டேவிட் வைன்பெர்கர் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய 'குளூட்ரெய்ன் மேனிஃபெஸ்டோ' இணையத்தில் வெளிவந்து, மறு ஆண்டு புத்தகமாகவும் வந்தது. திருச்சபையை எதிர்த்து 95 கூற்றுகள் எழுதிய மார்ட்டின் லூதரின் நினைவாக இதிலும் 95 கூற்றுகள். முதல் கூற்று, சந்தை என்பது உரையாடல். நிறுவனங்கள் விளம்பர மொழியில் பேசிக்கொண்டிருக்க, மக்கள் இணையத்தில் ஒருவரோடொருவர் மனிதக் குரலில் பேசத் தொடங்கிவிட்டார்கள், இனி பழைய மாதிரி நடத்த முடியாது என்பது அதன் சாரம். நிறுவனங்கள் அந்த வாசகத்தை ஆசையாக எடுத்துக்கொண்டு தங்கள் விளம்பரத்துக்கே பயன்படுத்தின. சேர்ல்ஸுக்கு அதில் நிறைவில்லை. நிறுவனம் நம்மோடு நன்றாகப் பேசுவது வேறு, நமக்கு அதனோடு சமமாகப் பேசும் பலம் இருப்பது வேறு.

சந்தை பற்றிய அவருடைய எண்ணத்தை ஆழமாக்கியது ஒரு விமானப் பயணம். பக்கத்து இருக்கையில் நைஜீரியாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார். சந்தையில் கொடுக்கல் வாங்கலும் உண்டு, பேச்சும் உண்டு, அதையெல்லாம் தாண்டி உறவும் உண்டு, நீங்கள் அந்த மூன்றாவதை மறந்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னதாக சேர்ல்ஸ் எழுதியிருக்கிறார். இதைக் கேட்க நமக்கு விமானம் ஏற வேண்டாம். வேலூரை அடுத்த பொய்கையில் செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச்சந்தைக்குப் போனால் போதும். வாங்குபவரும் விற்பவரும் கைகளைத் துண்டுக்கு அடியில் கோத்துக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒருவர் இரண்டு விரலை அழுத்துவார், மற்றவர் தலையை ஆட்டிவிட்டு வேறு விரலைப் பிடிப்பார். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் என்ன விலை ஓடுகிறது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் நிபந்தனை உண்டு, இரண்டு பேருக்கும் மறுக்கும் உரிமை உண்டு, மூன்றாவது ஆளுக்கு அங்கே இடமில்லை. இணைய வணிகத்தில் இந்த மூன்றுமே தலைகீழ். நிபந்தனை ஒரு பக்கம் மட்டும். மறுத்தால் சேவை இல்லை. நாம் என்ன பார்த்தோம், எதை வாங்காமல் விட்டோம் என்பது வரை எத்தனையோ மூன்றாம் ஆட்களுக்குப் போகிறது.

இது எப்படி இப்படி ஆனது? சேர்ல்ஸ் இதற்கு இணையத்தை மட்டும் குறை சொல்வதில்லை, தொழிற்புரட்சிக்கே போகிறார். லட்சக்கணக்கான பேருக்கு ஒரே பொருளை விற்கும்போது ஒவ்வொருவரோடும் தனியாக ஒப்பந்தம் பேச முடியாது. காட்பாடியில் ரயில் டிக்கெட் எடுப்பவர் ரயில்வேயோடு விதிகளைப் பேரம் பேசுவதில்லை. காப்பீடும் அப்படித்தான், வங்கிக் கணக்கும் அப்படித்தான். ஒரு தரப்பே எழுதி, மறுதரப்பு ஏற்றுக்கொள்ள மட்டுமே முடிகிற இந்த வகை ஒப்பந்தத்தைப் பற்றி பிரெடரிக் கெஸ்லர் என்ற சட்டப் பேராசிரியர் 1943இலேயே எச்சரிக்கையாக எழுதினார். பலம் உள்ளவர் தனக்கென்று ஒரு சட்டமே இயற்றிக்கொள்ள இது வழிவிடும் என்பது அவர் கவலை. அந்தக் காலத்தில் வாழ்க்கையில் சில முறை கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இன்று ஒரு நாளில் பல முறை பொத்தானில் அழுத்துகிறோம்.

இதோடு ஒரு தொழில்நுட்பக் காரணமும் சேர்ந்தது. ஆரம்ப கால வலை அமைப்பில் ஒரு தளத்துக்குப் போய்விட்டுத் திரும்பப் போனால், நீங்கள் முன்பு வந்தவர் என்று அதற்குத் தெரியாது. வாங்கும் பொருளைக் கூடையில் போட்டால் அடுத்த பக்கத்தில் கூடை காலி. 1994இல் பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுலி இதற்காகக் குக்கி என்ற சிறு குறிப்பை உருவாக்கினார். நம் பிரவுசரிலேயே அதை வைத்துவிட்டால் தளம் அடுத்த முறை நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். நல்ல நோக்கத்தில் செய்த காரியம். ஆனால் நினைவு வைத்துக்கொள்ளும் வசதி தளத்துக்குக் கிடைத்தது, நமக்கு அதற்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் விளம்பர நிறுவனங்கள் பல தளங்களிலும் தங்கள் குக்கியை வைத்து, ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று கோர்த்துப் பார்க்கத் தொடங்கின.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 'என்னைப் பின்தொடராதே' என்று பிரவுசரே தளத்துக்குச் சொல்லும் ஒரு குறிப்பை 2009வாக்கில் முன்மொழிந்தார்கள். அதற்கான தரநிலைக் குழு பல ஆண்டு பேசிவிட்டு 2019இல் கலைந்தது. தளங்கள் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை, பெரும்பாலும் மதிக்கவும் இல்லை. இதற்கிடையில் மக்கள் தாங்களாகவே விளம்பரத் தடுப்பான்களைப் போட்டுக்கொண்டார்கள். 2015இல் வந்த ஓர் ஆய்வு உலகம் முழுவதும் சுமார் 20 கோடிப் பேர் அப்படிச் செய்வதாகக் கணக்கிட்டது. மனித வரலாற்றின் மிகப் பெரிய புறக்கணிப்பு என்று சேர்ல்ஸ் அதை எழுதினார். யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் தலைமை தாங்கவில்லை, ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதில் அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆனால் தடுப்பது மட்டும் போதாது. 2006இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்தில் அவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்களைக் கையாளும் மென்பொருள் இருக்கிறது, வாடிக்கையாளரிடம் நிறுவனங்களைக் கையாளும் கருவி ஏன் இல்லை என்பதே அதன் கேள்வி. கட்டுண்ட வாடிக்கையாளரைவிடச் சுதந்திரமான வாடிக்கையாளர் வணிகத்துக்கே அதிக மதிப்புள்ளவர் என்பது அதன் நம்பிக்கை. 2012இல் வந்த 'தி இன்டென்ஷன் எகானமி' என்ற நூலில் இதை விரித்தார். நம் கவனத்தைப் பிடித்து விற்கும் பொருளாதாரத்துக்குப் பதில், நம் தேவையை நாமே சொல்ல, விற்பவர்கள் தேடி வரும் பொருளாதாரம். குடியாத்தத்தில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு இத்தனை ஆரணிப் பட்டு, இந்த விலைக்குள், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று பெயர், போன் எண் எதுவும் வெளிவிடாமல் அறிவிக்கலாம், நெசவாளர்களும் கடைக்காரர்களும் விலை சொல்லலாம், பிடித்தவரோடு மட்டும் பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதோ பட்டுப்புடவை என்று ஒரு முறை தேடினால் கல்யாணம் முடிந்து பல வாரம் ஆன பிறகும் புடவை விளம்பரம் துரத்துகிறது.

தன் விவரத்தைத் தன் கையில் வைத்திருப்பது என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் போகலாம். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜுகள் அங்கே. பலகைகளில் வங்காள எழுத்து. ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஊர் டாக்டரின் கடிதம், ஓரம் மடங்கிப் போன மருந்துச் சீட்டு. சாப்பிட உட்கார்ந்தாலும் மடியிலிருந்து அதை இறக்கமாட்டார்கள். எந்த டாக்டருக்கு எந்தத் தாளைக் காட்டுவது என்று அவர்களே முடிவு செய்கிறார்கள். இரண்டாவது கருத்துக் கேட்க வேறு இடம் போனால் பையும் கூடவே போகிறது. தாள் கிழியும், தொலையும், மழையில் நனையும். அந்தச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால், நோயாளியிடம். 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் ஆபா என்ற 14 இலக்க மருத்துவ அடையாள எண் கொடுத்து, நோயாளியின் ஒப்புதலோடு பதிவுகளைப் பகிரலாம் என்கிறது. அந்தப் பையில் இருக்கும் அதிகாரம் குறையாமல் போனுக்கு மாறுகிறதா என்பதுதான் அந்தத் திட்டத்துக்கு நான் வைக்கும் பரீட்சை.

ஏனென்றால் போனில் ஒப்புதல் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சத்துவாச்சாரிப் பக்கம் ஓர் ஈ-சேவை மையத்தில் நின்றிருந்தேன். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருமானச் சான்றுக்காக வந்திருந்தார். "ஓ.டி.பி. வந்துச்சா பாருங்கம்மா" என்றார் கணினி முன்னால் இருந்த தம்பி. அந்த அம்மா எண்ணைப் படிக்க முயற்சிகூடச் செய்யாமல் போனையே நீட்டினார். "நீயே பாத்துக்கப்பா." தம்பி எண்ணைத் தட்டினார், பக்கத்துச் சிறு கட்டத்தில் டிக் போட்டார், அடுத்த பக்கம் போனார். பின்னால் வரிசை நின்றது. இரண்டு பேர் மேலும் தவறு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் பதிவேட்டில் அந்த அம்மா எல்லாவற்றையும் படித்து ஏற்றுக்கொண்டதாக இருக்கும்.

சேர்ல்ஸின் எழுத்தைப் படிக்கும்போது எனக்கு வரும் தயக்கம் இங்கேதான். அவர் மனதில் இருக்கும் தனிமனிதருக்குச் சொந்தமாக ஒரு போன் உண்டு, படிக்க நேரம் உண்டு, 'முடியாது' என்று சொன்னால் தாங்கும் வசதி உண்டு. நம் பக்கம் ஒரு போனை வீடே பயன்படுத்துகிறது. கடைசி நேரத்தில் பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் ஆப்பை இறக்குபவர் எந்த நிபந்தனையைத்தான் மறுப்பார்? அந்த ஆப்களில் பல, போனிலுள்ள எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கின. அதற்குக் கடிவாளம் போட்டது வாடிக்கையாளரின் விழிப்பு அல்ல. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கொடுத்த வழிகாட்டுதல்தான். கடன் ஆப்கள் போனின் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது என்று அது சொன்னது.

சரி, அப்படியானால் தனிமனிதர் நிபந்தனை வைப்பது வீண் கனவா? இல்லை. சேர்ல்ஸ் பல ஆண்டாக உழைத்துவரும் அடுத்த வேலை இந்தத் தயக்கத்துக்குப் பாதி பதில் சொல்கிறது. ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பில் 7012 என்ற எண்ணுள்ள தரநிலைக்கான குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். 'மைடெர்ம்ஸ்' என்று அதற்குச் செல்லப்பெயர். அதன் வழி இது: எளிய மனித மொழியிலும், கணினி படிக்கும் வடிவிலும் எழுதப்பட்ட சில ஒப்பந்தங்கள் ஒரு பொது அமைப்பிடம் இருக்கும். நம் பிரவுசர் அதில் ஒன்றைத் தளத்தின் முன் வைக்கும். 'விளம்பரம் காட்டு, ஆனால் என்னைப் பின்தொடர்ந்து எடுத்ததை வைத்துக் காட்டாதே' என்பது அப்படி ஒரு நிபந்தனை. தளம் ஏற்றுக்கொண்டால் இரண்டு பக்கமும் பிரதி இருக்கும். எழுத்தாளர்கள் தங்கள் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்ல, முன்பே எழுதிவைத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள் அல்லவா, அதே முறை. ஒவ்வொருவரும் வக்கீல் வைத்து எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை தேர்ந்தெடுத்தால் போதும், ஒவ்வொரு தளத்திலும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அணைக்கட்டு அம்மாவுக்கு அவர் மகளோ ஊர் மகளிர் குழுவோ ஒரு முறை உட்கார்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும். இதனால்தான் இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய 'பின்தொடராதே' குறிப்பு வெறும் வேண்டுகோள். இது ஒப்பந்தம், மீறினால் கேள்வி கேட்கலாம்.

யாரிடம் கேட்பது? அங்கேதான் வேலூர் வரலாறு வருகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கிணறு கெட்டுப்போன விவசாயி தனியாளாக எந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நிற்பார்? அவருக்கும் அந்தத் தொழிற்சாலைக்கும் ஒப்பந்தமே கிடையாது. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயனற்றுப் போனதாக நீதிமன்றம் பதிவு செய்தது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமும் வேறு சில மாவட்டங்களும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட தனிநபர்களை அடையாளம் கண்டு இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் அமைக்க உத்தரவானது. 2001இல் அந்த ஆணையம் வேலூர் மாவட்டத்தில் 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. கதை அதோடு முடியவில்லை. விடுபட்டவர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும், ஆற்றைக் காக்கக் குழு அமைக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இவ்வளவு தாமதத்தைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயம் இருந்தது. வழக்கைச் சங்கம் தொடுத்தது, இழப்பீடு ஆளுக்குப் போனது.

இப்போது தரவுச் சட்டத்தைப் பார்ப்போம். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் விதிகள். நல்லவை உண்டு. எந்தத் தரவை எதற்கு எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும், ஆகவே தமிழிலும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும். ஒப்புதல் மேலாளர் என்று, நம் சார்பில் பல நிறுவனங்களுக்குக் கொடுத்த ஒப்புதல்களை ஒரே இடத்தில் பார்த்து நிர்வகிக்கும் ஓர் இடைநிலை அமைப்புக்கும் சட்டம் இடம் தருகிறது. சேர்ல்ஸ் கேட்ட கருவிக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இது.

குறைகளும் உண்டு. அரசுச் சலுகை, சான்றிதழ், உரிமம் போன்ற காரியங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள 7ஆம் பிரிவு பல இடங்களில் வழிவிடுகிறது. மீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அந்தப் பணம் அரசின் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தரவு கசிந்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க வழிவைத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது. கிணறு கெட்டவருக்கு இழப்பீடு உண்டு என்று சொன்ன அதே நாட்டுச் சட்டம், கடன் ஆப்பால் மானம் போனவருக்கு அபராதத்திலிருந்து ஒரு ரூபாயும் தருவதில்லை. மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை வாங்கித் தந்த மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி எழாவிட்டால் வேறு எங்கிருந்து எழும்?

ஒப்புதல் மேலாளர் விதியிலும் ஒன்று இடிக்கிறது. அப்படிப் பதிவு செய்ய விரும்புவது இந்தியாவில் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும், குறைந்தது 2 கோடி ரூபாய் நிகர மதிப்பு இருக்க வேண்டும். மோசடிக்காரர்கள் நுழையக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் ஆம்பூர் காலணித் தொழிலாளர்களின் சங்கமோ குடியாத்தம் நெசவாளர் கூட்டுறவோ தன் உறுப்பினர்களுக்காக அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றால் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். வாடிக்கையாளர் பக்கம் நிற்க வேண்டிய கருவியும் ஒரு சில பெரிய கம்பெனிகளின் கைக்கே போய்விடும். கூட்டுறவுகளுக்கும் பதிவு செய்த சங்கங்களுக்கும் தனித் தகுதி விதி வேண்டும், 43ஏ பிரிவு தந்த இழப்பீட்டு உரிமை வேறு வடிவிலாவது திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் நம் பக்கத்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் நுகர்வோர் அமைப்புகளிடமும் நான் கேட்டுவருகிறேன், நீங்களும் கேளுங்கள்.